சங்கிலி சாரின் கூலிங் கிளாஸ்

திருச்சி மாவட்டத்தில் கோணலாக இருக்கும் எதையாவது பார்த்துவிட்டு, ‘நமக்கென்ன’ என்று சும்மா போய்விட்டார் என்ற பழிக்குச் சங்கிலி சார் ஒருநாளும் ஆளானதில்லை. அடுத்தவர் வீட்டுக் காலண்டரை நேராக்குவார். சலூனில் ஒரு பக்கக் கிருதாவோடு பாதியில் எழுந்துபோய், சுவரில் சாய்ந்திருக்கும் சாமி படத்தைச் சரிசெய்துவிட்டு வந்து உட்காருவார். ஒரு கல்யாணத்தில், வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழை மரங்களும் ஒரே கோட்டில் இல்லை என்று சொல்லி, மாப்பிள்ளை ஊர்வலத்தையே தெருவில் நிறுத்திவிட்டார். காருக்குள் மாப்பிள்ளைக்கு வியர்த்து, போட்டிருந்த பவுடரெல்லாம் கரைந்து ஓடியது. நாதஸ்வரக்காரர் வாசித்ததையே மறுபடி வாசித்தார். வாழை மரம் நேரானது.

அவர் கழுத்தில் சங்கிலி எதுவும் கிடையாது. அவர் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலத்தை இரும்புச் சங்கிலி பிடித்து அளப்பார்கள். பிறகு டேப் வந்தது. அதற்கும் பிறகு மூன்று காலில் நிற்கும் கம்ப்யூட்டர் கருவி வந்தது. பெயர் மட்டும் சங்கிலியிலேயே நின்றுவிட்டது. ரிட்டயராகி நான்கு வருஷமாக ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். எங்கள் தபால்காரருக்கே அவருடைய சொந்தப் பெயர் உறையைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

இப்படிப்பட்டவர் கோல்ஃப் ஆட வந்தது, அவர் சொல்கிறபடி, அரசாங்க வேலையாகத்தான். ஊருக்கு வெளியே பழைய ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. புல் என்று அங்கே இருப்பதை மாடு பார்த்தால் வருத்தப்படும். பந்து கடைசியாக உருண்டு குழியில் விழ வேண்டிய இடம்கூடப் புல் இல்லை, எண்ணெய் தெளித்து அழுத்திய மணல்தான். அந்த மைதானத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் எல்லைத் தகராறு வந்தபோது அளக்கப் போனவர் சங்கிலி சார். அளந்து முடித்து நின்றவரிடம் ஒரு பெரியவர் மட்டையைக் கொடுத்து, “சும்மா ஒண்ணு அடிச்சுப் பாருங்களேன்” என்றிருக்கிறார். அடித்தார். பந்து நூல் பிடித்த மாதிரி நேராக, குழியில் நட்டிருந்த கொடியைப் பார்த்துப் போய் நின்றது.

“முப்பத்தஞ்சு வருஷமா நான் என்ன பண்ணினேன்? தூரத்துல ஒரு கம்பு நட்டு, அதுக்கு நேர்கோடு பார்த்தேன். இங்கயும் தூரத்துல ஒரு கம்பு நட்டிருக்கான். இது என்ன பெரிய வித்தை?” என்று என்னிடம் கேட்டார்.

நான் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். அவருடைய தெருவுக்கு அடுத்த தெரு. காலை நடைப்பயிற்சியில் பழக்கமாகி, ஒரு சனிக்கிழமை “சும்மா வந்து பாருங்க” என்று அவர் இழுத்துப் போனதில் நானும் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவருடைய டிவிஎஸ் வண்டியில், இரண்டு பேருக்கு நடுவில் மட்டைப் பையை நிறுத்திக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டுவோம். பார்க்கிறவர்கள் நாங்கள் குழாய் ரிப்பேர் செய்யப் போகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

சென்ற வருஷம் மாசி பிறந்து வெயில் ஏறியதும் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. பந்து எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். மட்டை பட்டதும் காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். “நல்லாப் போயிருக்கு” என்பார். பந்து பக்கத்துக் கருவேலம் புதரில் கிடக்கும்.

ஒரு நாள் ஐந்தாவது குழிக்கு அடித்துவிட்டு, “அதோ பாருங்க, நடு மைதானத்துல வெள்ளையா நிக்குது” என்றார்.

“சார், அது உண்ணிக்கொக்கு.”

“என் பந்து.”

“பந்துக்குக் கால் இருக்குமா சார்? நான் ஜுவாலஜி வாத்தியார். கொக்கைக் காட்டித்தான் எனக்குச் சம்பளம்.”

“நான் சர்வேயர். தூரத்துல இருக்கறதைப் பார்க்கத்தான் எனக்கு பென்ஷன்.”

நடந்தோம். மட்டையைத் தேர்ந்தெடுத்து, இடுப்பை வளைத்து, அதன் முன்னால் நிற்கப் போனார். பத்தடி இருக்கும்போது பந்து கழுத்தை நீட்டி அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு சிறகை விரித்துப் பறந்து போயிற்று. அவர் கணக்கில் அவ்வளவு தூரம் போன பந்து வேறு எதுவும் இல்லை.

வண்டியில் திரும்பும்போது, பாலத்தின் நடுவில் சொன்னார்: “கண்ணு நல்லாத்தான் இருக்கு. வெயில்தான் கூசுது. பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒண்ணு வாங்கிடணும்.”

சாதாரண மனிதர் என்றால் கடைக்குப் போய், ஒன்றை மாட்டிப் பார்த்து, கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு, வாங்கி வந்துவிடுவார். சங்கிலி சாருக்கு இந்த வேலை நாலு மாதம் பிடித்தது.

முதலில் வாங்கியது, பவர் கண்ணாடியின் மேல் கிளிப் போட்டு மாட்டி, கதவு மாதிரித் தூக்கி இறக்குகிற கறுப்புக் கண்ணாடி. பந்தைப் பார்க்கத் தூக்கிக்கொள்வார், தூரம் பார்க்க இறக்கிக்கொள்வார். யோசனை நல்ல யோசனைதான். மட்டையை அவர் ஓங்கி வீசும்போது அந்த வேகத்தில் கதவு தானாகச் சாத்திக்கொண்டுவிடும். திடீரென்று உலகம் இருட்டும். “யாருய்யா லைட்டை அணைச்சது!” என்பார். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். மண்ணில் மட்டும் ஒரு பிடி குறைந்திருக்கும்.

இரண்டாவதாக, தான் வீட்டில் போடுகிற புரோக்ரசிவ் கண்ணாடியையே, மேலே தூரப் பார்வையும் கீழே படிக்கிற பவருமாக, அப்படியே கறுப்பில் செய்து வாங்கினார். முகத்தைச் சுற்றி வளைந்து காதுவரை போகும் சட்டம். அதை மாட்டிக்கொண்டு முதல் குழியில் குனிந்தவர், அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

“என்ன சார்?”

“பூமி மேல வருது.”

மறுபடி குனிந்தார். மறுபடி பூமி மேலே வந்ததாம். பந்து கிரிக்கெட் பந்து அளவுக்கு வீங்கி மிதக்கிறதாம். ஒன்பது குழியும் முடிவதற்குள் மைதானத்தைக் கொத்திப் போட்டுவிட்டார். தண்ணீர் விட்டிருந்தால் கடலை விதைத்திருக்கலாம்.

அன்று அப்படியே கோயிலுக்கும் போனோம். ஏகாதசி. வீட்டுக் கண்ணாடியை எடுத்து வர மறந்துவிட்டார். சன்னிதிக்குள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றவரைப் பார்த்து அர்ச்சகருக்குப் பொறுக்கவில்லை.

“ஸ்வாமி, உள்ளே வெயிலா அடிக்கறது? அதைக் கழட்டிட்டு சேவிச்சுக்கோங்கோ.”

“கழட்டினா பெருமாள் கலங்கலாத் தெரியறார். போட்டா இருட்டாத் தெரியறார். நான் என்ன பண்றது, சொல்லுங்க” என்றார் சங்கிலி சார், உண்மையான வருத்தத்தோடு.

பின்னால் வரிசை நெருக்கியது. அர்ச்சகர் தீபத்தை ஒருமுறை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார். “பெருமாளுக்கு உம்மை நன்னாத் தெரியறது. இன்னிக்கு அது போறும். நகருங்கோ.”

வெளியே வந்து அவர் சிரிக்கவில்லை. “நகருங்கோன்னுட்டாரே” என்று நாலு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகுதான் நான் அவரை நஸீமாவிடம் கூட்டிப்போனேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நஸீமா கண் பரிசோதித்துக் கண்ணாடி செய்துகொடுக்கும் கடை வைத்திருக்கிறார். என் பழைய மாணவி. வகுப்பில் தவளையை அறுக்கச் சொன்னால், முதலில் அதன் கண்ணைத்தான் பார்ப்பார். முப்பத்தைந்து வயதுக்குள் அவருக்கு வந்திருக்கும் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

நஸீமா அந்தக் கறுப்பு புரோக்ரசிவை வாங்கி ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். “சார், இதுல கீழ்ப்பாதி புத்தகம் படிக்கறதுக்கு. உங்க பந்து கால்கிட்ட, அஞ்சடி தூரத்துல இருக்கு. நீங்க குனியும்போது படிக்கிற பவர் வழியா அதைப் பார்க்கறீங்க. அதான் பூமி மேல வருது. விளையாட்டுக்குத் தனியா, தூரப் பார்வை மட்டும் வெச்சு ஒண்ணு போட்டுக்கலாம்.”

“அப்ப ஸ்கோர் எழுதறது எப்படி?”

“அதான் வாத்தியார் கூட வர்றாரே. அவர் எழுதுவார்.”

“இவர் எழுத்து கோணலா இருக்கும்மா.”

நஸீமா மேலும் சொன்னார். இவ்வளவு பவருக்கு, முகத்தைச் சுற்றி வளைகிற சட்டம் வேண்டாம், ஓரத்தில் எல்லாம் இழுத்துக் காட்டும். கறுப்புக்கும் சாம்பலுக்கும் பதில் பழுப்பு நிறம் போட்டால் காய்ந்த புல்லில் வெள்ளைப் பந்து எடுத்துக் காட்டும். கூசுகிற பளபளப்பை அடியோடு வெட்டுகிற லென்ஸ் ஒன்று இருக்கிறது, கார் ஓட்ட அருமை. ஆனால் தரையின் மினுமினுப்பை வைத்து மேடு பள்ளம் கணிக்கிறவர்களில் சிலருக்கு அது ஒத்துவராது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட சங்கிலி சார், “சரி. எல்லாத்தையும் வெயில்ல வெச்சுப் பார்த்துடுவோம்” என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வந்தவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தோளில் ஓர் இரும்புக் கம்பு, சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியது. சர்வேயர்கள் நேர்கோடு பிடிக்க நடுகிற கம்பு. வேலையில் இருந்தபோது சொந்தக் கைக்காசில் வாங்கி வைத்துக்கொண்டதாம். அதை என் கையில் கொடுத்து, தெருவின் அந்தக் கோடியில் போய் நிற்கச் சொன்னார். தான் நஸீமா கடை வாசலில், லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை மூக்கில் மாட்டிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக நின்றார். நஸீமா ஒவ்வொரு நிறமாகப் போட்டுக் காட்ட, இவர் கம்பைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு பாத்திரக் கடை ஓரமாக நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் கம்பைப் பார்த்தார். தெருக்கோடியில் எழுதிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சார், மார்க் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?”

“ஐயோ, நான் ஜுவாலஜி வாத்தியார்ங்க.”

“எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தா என்னங்க? இடிக்கப் போறது எங்க கடையைத்தானே?”

வெளியே அடுக்கியிருந்த எவர்சில்வர் குடங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் தன் தகரக் கூரையின் முட்டுக் கழியைக் கழற்றினார். அதற்குப் பக்கத்து ஜவுளிக் கடையில் வாசலில் நின்ற பொம்மைகளை இடுப்பில் தூக்கி உள்ளே ஓடினார்கள். “ரெண்டடிதாங்க வெளில வந்திருக்கோம், பார்த்துப் போடுங்க” என்று யாரோ என் கையில் இளநீரைத் திணித்தார்கள். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் இளநீர். அந்த வழியாக வந்த பழைய மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்தி, “சார், எப்ப சார் வேலை மாத்தினீங்க?” என்றான். கால் மணி நேரத்தில் தெரு நாலடி அகலமாகிவிட்டது. ஒரு ஆட்டோக்காரர் தாராளமாகத் திரும்பிப் போகும்போது, “தினமும் வந்து நில்லுங்க சார், புண்ணியமாப் போகும்” என்றார்.

அப்போது என் போன் அடித்தது. சங்கிலி சார்.

“கம்பை நேராப் பிடிங்க.”

“நேராத்தான் சார் பிடிச்சிருக்கேன்.”

“வளைஞ்சிருக்கு.”

“இரும்புக் கம்பு எப்படி சார் வளையும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

நான் கம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். நஸீமா அவரை உள்ளே உட்கார வைத்திருந்தார். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னபோதுதான் கம்பு வளைந்ததாம். வலது கண்ணுக்கு நேராக இருக்கிறது. இடது கண்ணால் பார்த்தால் நடுவில் முறுக்கிக்கொள்கிறது. “இந்த பிரவுன் லென்ஸ்ல கோளாறு” என்றார் சங்கிலி சார். நஸீமா பழுப்பை எடுத்துவிட்டு வேறொன்று போட்டார். அதிலும் வளைந்தது. அதையும் எடுத்துவிட்டு, நிறமே இல்லாத லென்ஸ் போட்டார். அதிலும் வளைந்தது.

நஸீமா மேசையிலிருந்து சின்ன அட்டை ஒன்றை எடுத்தார். முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்த அட்டை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

சங்கிலி சார் பார்த்தார். முகம் சுளித்தார். “யாரு போட்டது இது? ஸ்கேல் வெச்சுக் கோடு போடத் தெரியாதா? நடுவுல பூரா நெளிஞ்சு கிடக்கு.”

நான் சிரித்துவிட்டேன். நஸீமா சிரிக்கவில்லை.

“சார், இதுல எல்லாக் கோடும் நேராத்தான் இருக்கு” என்றார் நஸீமா.

சங்கிலி சார் அட்டையை என்னிடம் நீட்டினார். “நீங்க சொல்லுங்க.”

“நேராத்தான் சார் இருக்கு.”

“ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?”

வெளியே தெருவில் குடங்களைத் திரும்ப அடுக்குகிற சத்தம் கேட்டது. நஸீமா மெதுவாகச் சொன்னார்: “கண்ணாடி ஆர்டரை இப்ப நான் எடுக்க மாட்டேன். இன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். விழித்திரை பார்க்கற டாக்டர்கிட்ட.”

“அடுத்த வாரம் போறேன்மா. சனிக்கிழமை ஆட்டம் இருக்கு.”

“சார், இப்ப கோணலாத் தெரியற இடம் நாளைக்கு அழிஞ்சே போகலாம். அப்புறம் நேரா கோணலான்னு சண்டை போடக்கூட அந்தக் கண்ணுல எதுவும் இருக்காது.”

அப்படி அவரிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து நின்றார். கம்பைக் கடை மூலையில் சாய்த்து வைத்தார். அது சாய்வாக நின்றது. அவர் அதை நேராக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய மனைவி அம்சவல்லி அக்காவும் வந்தார். காத்திருக்கும்போது என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ரெண்டு மாசமா டம்ளருக்கு வெளியில காபியை ஊத்தறார் தம்பி. கேட்டா, டம்ளர் நகர்ந்துடுச்சுங்கறார். நானும் துடைச்சுத் துடைச்சு விட்டுட்டேன். கேட்டா கோபப்படுவாரேன்னு.”

இடது விழித்திரையின் நடுவில் நீர் கசிந்து வீங்கியிருந்தது. மாதம் ஒரு தடவை கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். இழந்தது எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம். சரியான நேரத்தில் வந்தீர்கள், யார் அனுப்பியது என்று கேட்டார்.

“கோல்ஃப் ஆடக் கூலிங் கிளாஸ் வாங்கப் போனேன்” என்றார் சங்கிலி சார்.

முதல் ஊசி முடிந்த மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். கூடத்தில் காலண்டர் லேசாகச் சாய்ந்திருந்தது. அவர் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“இது எப்பலேர்ந்து இருந்திருக்கும்?” என்று கேட்டார்.

“சில மாசமா இருக்கலாம்னுதானே சார் டாக்டர் சொன்னார்.”

“இருக்கலாம்னார். நான் சர்வீஸ்ல இருந்தப்பவே ஆரம்பிச்சிருந்தா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று நாளாக அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்தக் கண்ணை நம்பி ஊர் ஊராகக் கல் நட்டிருக்கிறாரே, அதைப் பற்றித்தான். “கருவியில வலது கண்ணைத்தான் வெப்பேன். அது சரி. ஆனா கல்லு நடும்போது கருவி கிடையாது. வெறுங்கண்ணுதான். ஒரு கண்ணை மூடிக்கிட்டு வரிசை பிடிப்பேன். எந்தக் கண்ணை மூடினேன்னு இப்ப யாரைக் கேக்கறது?”

“எல்லாம் சரியாத்தான் சார் இருக்கும்.”

“இருக்கும்கறது வேற. இருக்குங்கறது வேற.”

கடைசி வருஷத்தில் அவர் கல் நட்ட இடம் ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது. திருவெள்ளறைக்கு அப்பால் ஒரு வயல். அண்ணன் தம்பி பாகம். தம்பி இறந்துபோய், அவருடைய மனைவி செல்லம்மாள் தன் பங்கைப் பிரித்துக் கேட்டார். அண்ணன் பெரியசாமிக்கு அதில் இஷ்டமில்லை. ஆளாளுக்குச் சொன்ன கணக்கையெல்லாம் தள்ளிவிட்டு, இவர் அளந்து ஐந்து கல் நட்டுக் கொடுத்தார். “அந்தம்மாவுக்கு ஒரு சாண் குறைஞ்சிருந்தாலும் என் பாவம். கூடியிருந்தாலும் என் பாவம்.”

டாக்டர் வெளியே போகலாம் என்ற பிறகு, நஸீமா கடையிலிருந்து திரும்ப வாங்கிவந்த கம்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். கண்ணுக்குப் பாதுகாப்பாக ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தார். செல்லம்மாள் கத்திரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். கம்பும் கறுப்புக் கண்ணாடியுமாக வரப்பில் வருகிறவரைப் பார்த்து மண்வெட்டியோடு நிமிர்ந்தார்.

“யாருங்க? ரோடு போடறவங்களா?”

“நான்தாம்மா. உங்களுக்குக் கல்லு நட்ட சர்வேயர். என் கண்ணுல கோளாறு வந்திருக்கு. நான் நட்டது நேரா இருக்கான்னு பார்க்க வந்தேன்.”

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. “இல்லேன்னா? கல்லைப் பிடுங்கிடுவீங்களா?”

சங்கிலி சார் கம்பை வரப்பில் ஊன்றினார். “எனக்கு இப்ப அதிகாரம் இல்லம்மா. ஆனா தப்பா இருந்தா தப்புன்னு எழுதிக் குடுத்துடுவேன். யாருக்கு ஆதாயமா இருந்தாலும் சரி.”

அதற்குள் பக்கத்து வயலிலிருந்து பெரியசாமி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். இந்த மனிதர் ஒருவேளை இத்தனை வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தாரோ என்று பட்டது.

சங்கிலி சார் முதல் கல்லின் அருகே குந்தி உட்கார்ந்தார். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

“நீங்க பாருங்க.”

“சார், நான்…”

“எனக்கு நேராத் தெரியுது. ஆனா எனக்கு நேராத் தெரியணும்னு ஆசையும் இருக்கு. நீங்க பாருங்க. நீங்க சொன்னா சரி.”

முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்தேன். என் எழுத்தைக்கூட நம்பாதவர். ஒரு கண்ணை மூடினேன். முதல் கல்லுக்குப் பின்னால் இரண்டாவது கல் மறைந்தது. அதன் பின்னால் மூன்றாவது. கடைசிக் கல்லின் தலை மட்டும், மேட்டில் இருந்ததால், எல்லாவற்றுக்கும் மேலே நடுவில் நின்றது. இரண்டு தடவை பார்த்தேன். பிறகு எதற்கும் என்று மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

“நேரா இருக்கு சார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவர் தலையாட்டினார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தார். இரண்டு மணி நேரம் அந்த வயலைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தோம். டேப்பின் ஒரு முனையைப் பெரியசாமி பிடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்து நோட்டை மூடி, சங்கிலி சார் என்னிடம், “உங்க கண்ணு பரவால்ல” என்றார்.

பெரியசாமி முதல் முறையாக வாயைத் திறந்தார். “கல்லு நேரா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்ங்க. நட்ட அன்னிக்கு ராத்திரியோட ராத்திரியா நானே நூல் பிடிச்சுப் பார்த்தேன். தப்புக் கண்டுபிடிக்கணும்னு பார்த்தேன். ஒரு விரக்கடை கூட மாறலை. அதுக்கப்புறந்தான் இந்தப் புள்ளைகிட்ட நான் சண்டை போடறதை விட்டேன்.”

செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு மோர் கொண்டுவர வீட்டுக்குப் போனார். சங்கிலி சார் வரப்பில் உட்கார்ந்து அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு நஸீமா கடைக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை அவர் நோட்டு எடுத்துவரவில்லை. நிறம், பளபளப்பு என்று நானாகக் கேட்க ஆரம்பித்தபோது நஸீமா கையமர்த்தினார். “நிறம் பழுப்பே போதும், அதைப் பத்திக் கவலை இல்லை. இப்ப முக்கியம் வேற. வலது கண்ணுதான் ரெண்டு கண்ணு வேலையையும் பார்க்குது. பந்து தெறிச்சோ, கல்லு தெறிச்சோ அதுல பட்டுடக் கூடாது. அதனால உடையாத லென்ஸ். கொஞ்சம் கனமான சட்டம். அழகா இருக்காது சார்.”

“நேரா உக்காருமா?”

“உக்காரும்.”

“அப்ப அதையே போடும்மா” என்றார். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. நஸீமாவே ஏமாந்துபோன மாதிரி இருந்தார். கிளம்பும்போது சங்கிலி சார் கதவருகே நின்று, அவரைப் பார்த்துக் கைகூப்பினார். சொல்ல நினைத்ததைச் சொல்ல வரவில்லை. “கடை போர்டு ஒரு விரல் இடது பக்கம் இறங்கியிருக்கும்மா, ஆளை விட்டுச் சரிபண்ணச் சொல்லு” என்றார். நஸீமா, “சரி சார்” என்றார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது.

இப்போது மறுபடி சனிக்கிழமைகளில் போகிறோம். ஒரு கண் தூரம் சொல்லாது. பந்துக்கு முன்னாலேயே மட்டையை இறக்குகிறார், இல்லையென்றால் தாண்டி இறக்குகிறார். முன்பு நேராகப் போன பந்து இப்போது பாதிக்கு மேல் எங்கோ போகிறது. அவர் அதற்காகக் கோபப்படுவதில்லை. என் பக்கம் திரும்புகிறார். நான் கையை நீட்டிக் காட்டுகிறேன். அந்தப் பக்கமாக, மறுபேச்சுப் பேசாமல் நடக்கிறார். முதல் சில வாரம் அந்த அமைதி எனக்குத்தான் தாங்கவில்லை. போன வாரம், நான் காட்டிய இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பந்து கிடந்ததைக் கண்டுபிடித்து, “என்னய்யா வாத்தியார் நீங்க, இதுதான் லட்சணமா?” என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒன்பது குழியும் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிடும். எனக்கு முதுகு வலிக்கும், கை காய்த்துப் போயிருக்கும், ஒரு பந்தும் நான் நினைத்த இடத்துக்குப் போயிருக்காது. உண்மையைச் சொன்னால், இந்த ஆட்டம் எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. சங்கிலி சாரிடம் இதுவரை அதைச் சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.